அந்தோனியோ டி டோரெஸ்

அந்தோனியோ டி டோரெஸ் ஹுராடோ (ஜூன் 13, 1817 – நவம்பர் 19, 1892) ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற கிதார் செய்யும் கைவினைஞர் ஆவார். இன்று செவ்வியல் கிதார் என்று அழைக்கப்படும் கருவியின் அளவு, வடிவம், உட்கட்டமைப்பு ஆகியவற்றுக்கு நிலையான உருவம் கொடுத்தவர் இவரே என்று கருதப்படுகின்றது. வயலினுக்கு இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி எவ்வாறோ, கிதாருக்கு டோரெஸ் அவ்வாறு என்று ஒப்பிட்டுக் கூறுவது வழக்கம்.

தச்சராகத் தொழில் தொடங்கிய டோரெஸ், ஹூலியன் ஆர்காஸ் என்னும் கிதார் கலைஞருடன் இணைந்து பணியாற்றியதன் மூலமே கிதார் ஆராய்ச்சியில் முழுமையாக ஈடுபட்டார். நுணுக்கமான மரப் பதிப்பு வேலைப்பாடு கொண்ட கிதார்களையும், அலங்காரம் ஏதுமற்ற எளிய கிதார்களையும் இவர் செய்துள்ளார். கருவியின் ஒலி அதன் அலங்காரத்திலோ விலையுயர்ந்த மரத்திலோ இல்லை, மேற்பலகையிலேயே உள்ளது என்பது இவரது அடிப்படைக் கருத்தாகும். தம் வாழ்நாளில் பெரும் செல்வம் எதையும் இவர் ஈட்டவில்லை. தொழில் நுட்பத்தைக் கற்றுக்கொடுத்து மாணவர் எவரையும் உருவாக்கவும் இல்லை. இருப்பினும் இவருக்குப் பின்வந்த கைவினைஞர்கள் இவர் செய்த கருவிகளை அளந்தும் ஆராய்ந்தும் அந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டனர்.

இளமையும் குடும்பமும்

டோரெஸ் ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில், அல்மேரியா நகரை அடுத்த லா கன்யாடா என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை ஹுவான் டோரெஸ் வரி வசூலிக்கும் பணியில் இருந்தவர். தாயார் பெயர் மரியா ஹுராடோ. டோரெஸ் தமது 12ஆம் வயதில் தச்சுத் தொழில் பழகத் தொடங்கினார்.

1833இல் ஸ்பெயினில் அரசுரிமை தொடர்பான உள்நாட்டுப் போர் மூண்டது. இளைஞரான டோரெஸ் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார். தந்தையின் முயற்சியால், உடல் தகுதியற்றவர் என்ற காரணத்தின் பேரில் விடுவிக்கப்பட்டார். மணமாகாதவர்களும் குழந்தையற்ற மனைவியை இழந்தவர்களுமே அன்று படைக்கு அழைக்கப்பட்டதால், மீண்டும் அழைப்பு வருவதைத் தவிர்க்கும் பொருட்டு 1835இல் குடும்பத்தினர் இவருக்கு அவசரமாகத் திருமணம் செய்து வைத்தனர். மணமகள் ஹுவானா மரியா லோபெஸ் ஒரு கடைக்காரரின் மகள். அப்போது அவருக்கு வயது 13.

இவர்களுக்கு 1836, 1839, 1842 ஆகிய ஆண்டுகளில் குழந்தைகள் பிறந்தன. மூன்றாவது குழந்தை சில மாதங்களிலேயே இறந்தது. இரண்டாவது மகளும் பின்னர் இறந்தாள். 1845இல் மனைவி ஹுவானாவும் காசநோயால் காலமானார். அவருக்கு வயது 23. இக்காலம் முழுவதும் டோரெஸ் கடன் சுமையில் இருந்தார். கூடுதல் வருமானம் தரும் தொழிலைத் தேடவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

செவில் நகரில்

கிதார் செய்யும் கலையை டோரெஸ் யாரிடம் கற்றார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1842 அளவில் கிரனாடா நகரில் ஹோசே பெர்னாஸ் என்பவரிடம் கற்றிருக்கலாம் என்பது ஒரு கருத்து. பின்னர் அந்தலூசியாவின் பெரிய நகரான செவிலில் குடியேறி, செர்ராஹெரியா தெருவில் பட்டறை நடத்தினார். மனுவேல் சோட்டோ இ சோலாரெஸ் என்னும் மற்றொரு கிதார் கைவினைஞரும் இதே பட்டறையைப் பகிர்ந்துகொண்டார்.

1840களிலேயே டோரெஸ் சில கிதார்களைச் செய்திருந்தபோதும், 1850களில்தான் அதனைத் தமது முழுநேரத் தொழிலாக ஏற்றார். இந்த முடிவுக்குக் காரணமாக இருந்தவர் ஹூலியன் ஆர்காஸ்.

ஆர்காசுடன் இணைந்து பணியாற்றல்

ஹூலியன் ஆர்காஸ் (1832–1882) அல்மேரியா மாகாணத்தைச் சேர்ந்தவர். கிதார் கலைஞர், இசையமைப்பாளர். டோரெசைவிட 15 வயது இளையவர். ஆயினும் தொழிலில் ஒருவருக்கொருவர் தேவையானவர்களாக இருந்தனர். அக்காலக் கிதார்கள் உருவத்தில் சிறியவை, ஒலியும் மெல்லியது. வீட்டுக் கூடத்தில் சிலர் அமர்ந்து கேட்பதற்கு அவை போதுமானவை. பெரிய அரங்கில் வாசிக்க விரும்பிய ஆர்காஸ் போன்ற கலைஞர்களுக்கு அவை போதவில்லை. தமக்கு எத்தகைய ஒலி வேண்டும் என்பதை ஆர்காஸ் அறிவார். ஆனால் மரத்தில் அதை உருவாக்க அவரால் இயலாது. டோரெசுக்கு மரம் தெரியும். ஆனால் அரங்கின் கடைசி வரிசைவரை எட்டக்கூடிய ஒலியைக் கருவியிலிருந்து எழுப்பிக் காட்ட ஒரு தேர்ந்த கலைஞர் தேவைப்பட்டார்.

கிதார் செய்வதையே தொழிலாகக் கொள்ளுமாறு டோரெசை ஊக்குவித்த ஆர்காஸ், கருவியின் அமைப்பு குறித்தும் ஆலோசனைகள் வழங்கினார். இக்கூட்டுறவின் விளைவாக 1856இல் உருவான கிதார் லா லியோனா என்னும் பெயரால் அறியப்படுகின்றது. இச்சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் பெண் சிங்கம் என்பது பொருள். இக்கிதாரை ஆர்காஸ் தமது கச்சேரிகளில் வாசித்தார். இதன் ஒலித்துளையின் உட்புறத்தில் தோர்னாவோஸ் எனப்படும் உலோகக் குழல் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. பெட்டியின் உள்ளே இருக்கும் காற்றின் அதிர்வைத் தாழ்ந்த சுருதிக்குக் கொண்டுவந்து, ஒலிக்கு ஆழம் சேர்ப்பது இதன் நோக்கமாகும்.

கிதார் அமைப்பில் செய்த மாற்றங்கள்

கிதாரின் நரம்பை மீட்டும்போது, நரம்பு மட்டும் அசைவதால் எழும் ஒலி மிகவும் குறைவானது. நரம்பின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குச் சென்று, அப்பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளும்போதுதான் நமக்குக் கேட்கத்தக்க ஒலி பிறக்கின்றது. ஒலிப்பலகை எனப்படும் இந்த மேற்பலகை மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்தால் எளிதில் அதிரும். ஆனால் ஆறு நரம்புகளின் இழுவிசை அதனை எந்நேரமும் வளைத்துக் கொண்டிருக்கும். பலகை மிக மெல்லியதானால் உடைந்துவிடும். தடிப்பாக இருந்தால் ஒலி அடங்கிவிடும். கிதார் செய்பவர் எவரும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. இதற்கு டோரெஸ் கண்ட தீர்வின் கூறுகள் பின்வருமாறு:

முதலாவதாக, கிதாரின் உடலைப் பெரிதாக்கினார். குறிப்பாக, இடைக்குக் கீழுள்ள பகுதி அகலமாயிற்று. அதிரும் பரப்பும் உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவும் இதனால் கூடின. நரம்பின் அதிரும் நீளத்தை ஏறத்தாழ 650 மில்லிமீட்டராக வைத்தார். இன்றும் பெரும்பாலான செவ்வியல் கிதார்களில் இந்த அளவே பின்பற்றப்படுகின்றது.

இரண்டாவதாக, ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தாலான ஒலிப்பலகையை மிகவும் மெல்லியதாக இழைத்து, அதனை முற்றிலும் தட்டையாக விடாமல், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சிறிதளவு குவிந்திருக்குமாறு அமைத்தார். வளைந்த கூரை தட்டையான கூரையைவிடக் கூடுதல் சுமை தாங்குவதைப் போல, குவிந்த பலகை மெல்லியதாக இருந்தும் வலுவாக நிற்கும்.

மூன்றாவதாக, ஒலிப்பலகையின் உட்புறத்தில் விசிறி வடிவில் மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டினார். பெரும்பாலான கிதார்களில் இவை ஏழு ஆகும். அடிப்பகுதி பொதுவாக அமைந்த இரு முக்கோணங்கள் சேர்ந்து உருவாக்கும் பட்டம் போன்ற வடிவத்துக்குள் இச்சட்டங்கள் சமச்சீராக அடுக்கப்பட்டுள்ளன. விசிறிச் சட்டங்களைக் கண்டுபிடித்தவர் டோரெஸ் அல்லர். 18ஆம் நூற்றாண்டிலேயே செவில், காதிஸ் நகரக் கைவினைஞர்கள் அவற்றைப் பயன்படுத்தியுள்ளனர். அவற்றை ஒரு சீரான முறைமையாக்கி, பெரிய உடலுடனும் குவிந்த மெல்லிய பலகையுடனும் இணைத்ததே டோரெசின் சாதனையாகும்.

எஃகுத் தந்திகள் பூட்டிய கிதார்கள் வேறொரு மரபைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் 1840களில் சி. எஃப். மார்ட்டின் கையாண்ட, குறுக்கே வெட்டிக்கொள்ளும் சட்டங்களே அவற்றின் அடிப்படையாகும். டோரெசின் கிதார்களில் விலங்குக் குடலால் செய்த நரம்புகளும், உலோகக் கம்பி சுற்றிய பட்டு நரம்புகளுமே பூட்டப்பட்டன.

பதிப்பு வேலைப்பாடும் 1858ஆம் ஆண்டுப் பதக்கமும்

1858இல் செவில் நகரில் நடைபெற்ற கண்காட்சியில் டோரெஸ் செய்த கிதாருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. இப்பரிசுடன் தொடர்புடைய கிதார் அவரது படைப்புகளில் மிகவும் அலங்காரமானவற்றுள் ஒன்றாகும். ஒலித்துளையைச் சுற்றியும் உடலின் ஓரங்களிலும் பல நிற மரத்துண்டுகள் நுணுக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. செவில் நகரில் டோரெசின் பெயர் பரவ இப்பதக்கம் உதவியது.

ஸ்பானியக் கிதார்களில் காணப்படும் மரப் பதிப்பு வேலையின் முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு சிறு புள்ளியும் தனித்தனியாகப் பதிக்கப்படுவதில்லை. இயற்கை நிறத்திலும் சாயமேற்றியும் எடுத்த, தாள் போன்ற மெல்லிய மரச் சீவல்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கி ஒட்டுவர். அவ்வடுக்கை மெல்லிய கீற்றுகளாக அறுப்பர். வெவ்வேறு வரிசைகொண்ட கீற்றுகளை மீண்டும் அருகருகே வைத்து ஒட்டினால் ஒரு நீண்ட சதுரக் கட்டை கிடைக்கும். அதன் குறுக்குவெட்டு முகத்தில் பூவோ கட்டமோ தோன்றும். அக்கட்டையைக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அறுத்தால், ஒரே கோலம் கொண்ட பல வில்லைகள் கிடைக்கும். ஒலித்துளையைச் சுற்றி ஒலிப்பலகையில் வட்டமாகப் பள்ளம் தோண்டி, அதில் இவ்வில்லைகளை வரிசையாக வைத்து ஒட்டி, பின் பலகையோடு சமமாகச் சீவிவிடுவர்.

இந்த வேலைப்பாடு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஒலித்துளையின் விளிம்பில் மரம் இழைவாக்கில் பிளந்து போகக்கூடும். சுற்றிலும் வெவ்வேறு திசைகளில் இழையோடும் துண்டுகளைப் பதிப்பதால், பிளவு பரவுவது தடைபடுகின்றது. அவ்வாறே, மேற்பலகையும் பக்கப்பலகையும் சேரும் ஓரத்தில் பதிக்கும் பட்டை, மரத்தின் வெட்டுமுகத்தை மூடி ஈரம் புகாமலும் அடிபடாமலும் காக்கின்றது. அதே நேரத்தில், பள்ளத்தை ஆழமாகத் தோண்டினால் ஏற்கனவே மெல்லியதாக இருக்கும் ஒலிப்பலகை வலுவிழக்கும். எவ்வளவு அலங்கரிக்கலாம், எங்கு நிறுத்த வேண்டும் என்பதைக் கைவினைஞரே முடிவு செய்தாக வேண்டும்.

டோரெசின் கிதார்கள் எல்லாம் இத்தகைய அலங்காரம் கொண்டவை அல்ல. வாங்குபவரின் வசதிக்கேற்ப அவர் பல தரத்தில் கிதார்களைச் செய்தார். வசதி படைத்தோருக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட், மேப்பிள் முதலிய மரங்களில் பதிப்பு வேலையுடனும், ஏனையோருக்கு உள்ளூரில் மலிவாகக் கிடைத்த சைப்ரஸ் மரத்தில் எளிமையாகவும் செய்து கொடுத்தார். எளிய கிதார்களிலும் உட்புறச் சட்டங்களின் அமைப்பில் அவர் அதே கவனத்தைச் செலுத்தினார் என்பதை அக்கருவிகளை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

காகிதக்கூழ் கிதார்

பதக்கம் பெற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 1862இல், டோரெஸ் ஒரு சோதனைக் கிதாரைச் செய்தார். இதன் மேற்பலகை வழக்கம்போல் நல்ல மரத்தாலானது. ஆனால் பின்பகுதியும் பக்கங்களும் காகிதக்கூழ் அட்டையால் செய்யப்பட்டவை. கிதாரின் ஒலியை முதன்மையாகத் தீர்மானிப்பது மேற்பலகையே, பின்பலகையும் பக்கப்பலகைகளும் அல்ல என்பதை மெய்ப்பிப்பதே இச்சோதனையின் நோக்கம்.

ஓர் அறிவியல் சோதனையில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மாற்றாமல் வைத்து விளைவைக் கவனிப்பது போன்ற அணுகுமுறை இது. முறையான கல்வி பெறாத ஒரு தச்சர், ஒலியியல் ஆய்வுக் கருவிகள் ஏதுமில்லாத காலத்தில் இவ்வாறு சிந்தித்தது குறிப்பிடத்தக்கது. பின்பலகையும் ஒலியின் தன்மையில் ஓரளவு பங்கு வகிக்கின்றது என்பது இன்று அறியப்பட்டதாகும். எனினும் மேற்பலகையே முதன்மையானது என்ற டோரெசின் முடிவு பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. இந்தக் கிதார் பார்சிலோனா நகரிலுள்ள இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. இது வாசிக்கத்தக்க நிலையில் இல்லை.

டாரெகாவுடன் சந்திப்பு

1868இல் டோரெஸ் ஹோசெஃபா மார்ட்டின் ரொசாடோ என்பவரை மணந்தார். இதனையடுத்து, பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பிரான்சிஸ்கோ டாரெகா (1852–1909) இவரைத் தேடி வந்தார். அப்போது டாரெகாவுக்கு 17 வயது. ஆர்காசுக்குக் கிதார் செய்து கொடுத்தவரிடமே தாமும் ஒரு கிதார் வாங்க வேண்டும் என்பது அவரது விருப்பம்.

இளைஞரைக் கண்ட டோரெஸ், கடையில் இருந்த சாதாரணக் கிதார் ஒன்றை எடுத்துக் காட்டினார். டாரெகா அதை வாசிக்கக் கேட்டதும் மனம் மாறி, 1864இல் தமக்கென்று செய்து வைத்திருந்த கிதாரை உள்ளிருந்து கொண்டு வந்து கொடுத்தார். அந்தக் கிதாரையே டாரெகா ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாசித்தார். இன்று செவ்வியல் கிதார் பயிலும் மாணவர்கள் கற்கும் பல படைப்புகள் டாரெகாவுடையவை. நோக்கியா கைப்பேசிகளின் அழைப்பொலியாக உலகெங்கும் ஒலித்த மெட்டு, அவரது கிரான் வால்ஸ் என்னும் படைப்பிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

அல்மேரியாவில் இரண்டாம் காலகட்டம்

கலைஞர்களிடையே பெயர் பெற்றிருந்தும் டோரெசின் பொருளாதார நிலை உயரவில்லை. 1870 அளவில் செவில் பட்டறையை மூடிவிட்டுத் தம் சொந்த ஊர்ப் பகுதியான அல்மேரியாவுக்குத் திரும்பினார். அங்கு ரியல் தெருவில் மனைவியுடன் சேர்ந்து பீங்கான், கண்ணாடிப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். ஐரோப்பாவின் சிறந்த கிதார்களைச் செய்த கைகள் சில ஆண்டுகள் பீங்கான் பாத்திரங்களை விற்பதில் ஈடுபட்டன.

1875 அளவில் டோரெஸ் மீண்டும் கிதார் செய்யத் தொடங்கினார். கடை வேலை இல்லாத நேரங்களில் மட்டும் இதனைச் செய்தார். இக்காலத்தில் செய்த கிதார்களின் உள்ளே ஒட்டிய சீட்டுகளில், இரண்டாம் காலகட்டம் என்று தாமே அச்சிட்டு, வரிசை எண்ணும் குறித்தார். இதனால் அவரது பணி செவில் காலம், அல்மேரியா காலம் என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. 1883இல் ஹோசெஃபா காலமானார். அதன்பின் டோரெஸ் பெரும்பகுதி நேரத்தைப் பட்டறையிலேயே கழித்து, இறக்கும்வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கிதார்களைச் செய்தார்.

இறுதிக் காலம்

டோரெஸ் முதுமையில் இருந்தபோது உள்ளூரைச் சேர்ந்த ஹுவான் மார்ட்டினெஸ் சிர்வென்ட் என்னும் பாதிரியார் இவருக்கு நெருங்கிய நண்பரானார். மூப்பினால் டோரெசின் கைகள் நடுங்கத் தொடங்கியபோது, மெல்லிய பாகங்களை ஒட்டும் வேலையில் சிர்வென்ட் உதவினார். ஆர்காசின் ஆலோசனையுடன் தொடங்கிய தொழில், இவ்வாறு ஒரு நண்பரின் கைத்துணையுடன் இறுதிக் கட்டத்தை அடைந்தது.

சிர்வென்ட் 1931இல் எழுதிய ஒரு கடிதம் டோரெசின் வாழ்க்கையை அறிவதற்கு முக்கியமான ஆதாரமாகும். முக்கியமான சில வேலைகளைச் செய்யும்போது டோரெஸ் கதவை அடைத்துக்கொள்வார், நெருங்கிய நண்பர்களைக்கூட அனுமதிக்கமாட்டார் என்று அதில் அவர் தெரிவிக்கின்றார். ஒருமுறை விருந்தொன்றில், தம் தொழில் இரகசியத்தை எதிர்காலத் தலைமுறைக்காக வெளியிடவேண்டும் என டோரெசிடம் கேட்கப்பட்டது. தாம் எதையும் மறைக்கவில்லை என்றும், ஒலிப்பலகை சரியாக இழைக்கப்பட்டுவிட்டதா என்பதைத் தம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமே தமக்கு உணர்த்துகின்றன என்றும், அந்த உணர்வைப் பிறருக்கு விட்டுச்செல்லத் தம்மால் இயலாது என்றும் அவர் விளக்கினாராம்.

இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. எந்த இரு மரப்பலகைகளும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. ஒன்று விறைப்பானது, மற்றொன்று இளகியது. ஆகவே ஒரே தடிப்பு எல்லாப் பலகைகளுக்கும் பொருந்தாது. இழைக்கும்போது பலகையை விரல்களுக்கிடையே வளைத்துப் பார்த்தே எங்கு நிறுத்துவது என அறியவேண்டும். இதை எழுதி வைக்க முடியாது; அருகிலிருந்து பழகுவோருக்கு மட்டுமே ஓரளவு கைகூடும். டோரெசிடம் அவ்வாறு பழகியவர் எவரும் இல்லை. 1892 நவம்பர் 19 அன்று தமது 75ஆம் வயதில் டோரெஸ் காலமானார்.

மரபு

மாணவர் இல்லாமல் மறைந்தபோதும் டோரெசின் முறை அழியவில்லை. விரல்களின் உணர்வு அவரோடு சென்றுவிட்டது எனினும், அவ்வுணர்வின் விளைவு கிதார்களில் பதிவாகி இருந்தது. வேறு கலைஞர்களின் கைகளுக்குச் சென்ற கிதார்கள் பழுதுபார்ப்பதற்காகப் பட்டறைகளுக்கு வந்தன. அங்கு அவற்றின் சட்டங்களும் தடிப்பும் அளக்கப்பட்டன.

மத்ரித் நகரின் மனுவேல் ராமிரெஸ் (1864–1916) டோரெசின் அமைப்பைப் பின்பற்றிக் கிதார்களைச் செய்தார். அவரது பட்டறையில் 1912இல் உருவான ஒரு கிதாரையே அந்திரேஸ் செகோவியா தமது இளமைக்காலக் கச்சேரிகளில் வாசித்தார். டாரெகாவின் மாணவரான மிகேல் லியோபெட், 1859ஆம் ஆண்டில் டோரெஸ் செய்த கிதாரை வாசித்தவர். செருமனியின் மியூனிக் நகரில் அதைக் காணும் வாய்ப்புப் பெற்ற ஹெர்மன் ஹவுசர் (1882–1952), அதுவரை தாம் கையாண்ட முறையைக் கைவிட்டு ஸ்பானிய முறைக்கு மாறினார். அவர் 1937இல் செய்த கிதாரைச் செகோவியா பல ஆண்டுகள் வாசித்தார். லியோபெட்டின் டோரெஸ் கிதாரும் இப்போது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

டோரெஸ் செய்த கிதார்களில் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. அவர் பெயர் பொறித்த போலிச் சீட்டு ஒட்டிய கிதார்களும் உண்டு. ஸ்பெயினில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கிதார் கைவினைஞர் ஹோசே ரொமானிலியோஸ், எஞ்சிய கருவிகளைத் தேடிப் பட்டியலிட்டு, 1987இல் டோரெசின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். டோரெஸ் பற்றி இன்று அறியப்படுபவற்றுள் பெரும்பகுதி அந்நூலின் மூலம் தெரியவந்ததாகும்.

இன்றைய செவ்வியல் கிதார் கைவினைஞர்களில் பலர் தமது பயிற்சியின் ஒரு பகுதியாக டோரெசின் கிதார் ஒன்றை அளவு பிசகாமல் செய்து பார்க்கின்றனர். பதிப்பு வேலைப்பாட்டை அப்படியே நகலெடுக்க முடிகின்றது. சட்டங்களின் இடத்தையும் துல்லியமாக அளந்து பொருத்த முடிகின்றது. ஒலிப்பலகையை எங்கு இழைத்து நிறுத்துவது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள மரத்தைத் தொட்டுணர்ந்தே அறியவேண்டியுள்ளது.